எஸ்தர் வாங்கிய எழுபத்தெட்டு

முதல் வருஷத் தேர்வில் ஒரு தாளில் எழுபத்தெட்டும் இன்னொன்றில் எழுபத்தொன்றும் வந்தபோது, எஸ்தர் தான் வேலை பார்க்கும் கல்யாண மண்டபத்துப் பெண்கள் எல்லாருக்கும் லட்டு கொடுத்தாள். நாற்பத்திரண்டு வயதில் தபால் வழியில் வரலாற்றுப் பட்டம் படிக்கிறவள். மதிப்பெண் பட்டியலைச் சட்டம் போட்டு, செவிலிமேட்டு வீட்டின் கூடத்தில் மாட்டிவைத்தாள்.

சின்ன வயதில் அவள் பார்க்கும் எழுத்துகள் இடம் மாறிக்கொள்ளும், வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். மூன்றாம் வகுப்பு வாத்தியார், தப்பாக எழுதியதை ஸ்லேட்டிலிருந்து நாக்காலேயே அழிக்க வைத்தார். பன்னிரண்டாவதை மூன்றாம் முறை தட்டுத்தடுமாறித் தேறியதோடு புத்தகத்தைத் தலைமுழுகினாள். பல வருஷம் கழித்து, மகளைச் சோதித்த டாக்டர்தான் அவளையும் உட்காரவைத்துச் சோதித்தார்.

“இதுக்குப் பேரு டிஸ்லெக்சியாம்மா. நீங்க மக்கு இல்ல.”

அவர் கொடுத்த சான்றிதழைக் காட்டினால், தேர்வில் அவள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் கிடைக்கும். ஒரு மணி நேரம் கூடுதலாகவும் கிடைக்கும். கணவன் டேனியல் பாடங்களை வாசித்து போனில் பதிந்து தந்தான். பந்தி முடிந்து எச்சில் இலை எடுக்கும்போதெல்லாம் அவள் காதில் பல்லவர் கதை ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டாம் வருஷத்தின் முதல் தேர்வு. தனியறையில், போன வருஷம் எழுதிக்கொடுத்த அதே பிரியதர்ஷினி. கோயில் கொடைகள் பற்றிய கேள்வி வந்ததும் எஸ்தருக்கு உற்சாகம் பொங்கியது. இதற்காகவே பஸ் பிடித்துக் கூரத்துப் பல்லவர் கோயிலைப் போய்ப் பார்த்து வந்தவள் அவள்.

“கூரம் செப்பேட்டுல, மண்டபத்துல பாரதம் படிக்கிறதுக்குன்னு தனியா ஒரு பங்கு ஒதுக்கி இருக்குது. எழுதிக்கோமா. அப்புறம்...”

அடுத்ததை யோசிக்க நிறுத்தினாள். பிரியதர்ஷினியின் பேனா நிற்கவில்லை.

எஸ்தர் தாளை இழுத்து, விரல் வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தாள். கூரம் இல்லை. பாரதம் இல்லை. தாளுக்கு அடியில் அச்சடித்த துண்டுக் காகிதம் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

“நான் சொல்றது ஒண்ணு, நீ எழுதிக்கினு இருக்கிறது ஒண்ணா?”

“சென்டர் சார்தான் குடுத்தாரு, அக்கா. பாஸ் ஆனா போதும்ல?”

“போன வருஷமும் இப்படித்தானா?”

அந்தப் பெண் துண்டுக் காகிதத்தை மறைத்தபடி ஆமென்று தலையாட்டினாள். எழுபத்தெட்டு. அதைக் காட்டித்தானே லட்டு கொடுத்தாள்!

சத்தம் கேட்டுத் தேர்வு மைய ஒருங்கிணைப்பாளர் கலியாணசுந்தரம் வந்தார், பின்னாலேயே பக்கத்து அறையிலிருந்து கண்காணிப்பாளர் அம்மாவும். கலியாணசுந்தரம் குரலைத் தாழ்த்திச் சிரித்தார்.

“எஸ்தரம்மா, உங்கள மாதிரி ஆளுங்களுக்கு ஒரு ஒத்தாசைதான். நீங்க சொல்றத எழுதினா தேறுமா? சும்மா உக்காருங்க.”

அந்தச் சிரிப்பில் இருந்த இரக்கம் அழுகிய பழத்தை மிதித்தது போலிருந்தது.

“எச்சில் இலைய நான் எடுப்பேன் சார். அதுல சோறு போட்டுத் தின்னுன்னா தின்ன மாட்டேன்.”

பேனாவைப் பிடுங்கி, எழுதியிருந்த மூன்று பக்கத்தையும் குறுக்கே அடித்தாள். காகிதம் கிழிந்தது. அந்தத் துண்டுக் காகிதத்தைக் கண்காணிப்பாளர் அம்மா வாங்கி வைத்துக்கொண்டதும் கலியாணசுந்தரம் வெளியேறினார். மிச்சமிருந்தது ஒன்றே முக்கால் மணி நேரம். கண்காணிப்பாளர் பக்கத்திலேயே நிற்க, எஸ்தர் சொல்ல, பிரியதர்ஷினி தலை நிமிராமல் எழுதினாள். ஒவ்வொரு பத்தியையும் எஸ்தர் திருப்பிப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கடைசிக் கேள்விக்கு நேரம் போதவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கூடத்துச் சட்டத்தைக் கழற்றினாள். கை கழுவினாள், மறுபடி கழுவினாள்.

“உனக்குத் தெரியாம நடந்ததுமா. எதுக்கு இத்த வெளிய சொல்லணும்?” என்றான் டேனியல்.

“என் பேருல இருக்குதுபா. பார்த்தாலே வாந்தி வருது.”

அன்றே அவள் சொல்ல அவன் பல்கலைக்கழகத்துக்கு எழுதினான்: பழைய இரண்டு தாள்களையும் ரத்து செய்யுங்கள், வேறு ஆளை வைத்து மறுபடி எழுத விடுங்கள். பல்கலைக்கழகம் விசாரித்தது, அந்த இரண்டு தாள்களையும் ரத்து செய்தது, ஒருங்கிணைப்பாளரை மாற்றியது. மண்டபத்தில் இரண்டு பேர், “லட்டு ஜீரணம் ஆயிடுச்சு, திருப்பித் தர முடியாது” என்று சிரித்தார்கள். எஸ்தர் அடுத்த இலையை எடுக்கப் போனாள்.

நான்கு மாதம் கழித்து, அவளே சொல்லி எழுதவைத்த தாளின் முடிவு வந்தது. நாற்பத்தாறு. தேற நாற்பது போதும்.

அந்த எண்ணை அவளே படித்தாள். அறுபத்துநான்கோ என்று ஒரு கணம் தடுமாறி, நிதானமாக மறுபடி பார்த்தாள். நாற்பத்தாறுதான். டேனியல் இனிப்பு வாங்கி வரட்டுமா என்று கேட்டான்.

“அப்புறம் பாக்கலாம்பா. ஜூன்ல அந்த ரெண்டு பேப்பர் இருக்குது. மொதல் பாடத்த போன்ல போடு.”