வச்சலா வீட்டு வரி

இந்த மாதம் பாலை நிறுத்தினேன். கேபிளை நிறுத்தினேன். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிக்காமல், மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மார்க்கெட்டுக்கு நடந்தேன். எல்லாம் ஊர் வரிக்காக. நாலு வருஷமாக இதே கூத்துதான்.

எங்கள் சதுரங்கப்பட்டினம் குப்பத்தில் கல்யாணமான ஆண்தான் தலைக்கட்டு. அம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கட்ட வேண்டும். கட்டினால், ஊர்ப் பொது இடத்துக்கு ரிசார்ட்காரன் தருகிற வாடகையில் பங்கு உண்டு. என் புருஷன் தேசப்பன் கடப்பாக்கத்தில் இன்னொருத்தியோடு குடித்தனம் போய்விட்டான். ஆனாலும் அவன் பேரில் நான்தான் வரி கட்டினேன். மானம் போய்விடக் கூடாதாம்! போன வருஷம் பங்கு பிரித்த அன்று அந்தப் பெரிய துரை பைக்கில் வந்தார், பணத்தை வாங்கினார், போய்விட்டார். பெற்ற பெண்ணை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இந்த வருஷம் என் மகள் வினிதாவுக்கு மதுராந்தகத்தில் நர்சிங் சீட் கிடைத்திருக்கிறது. அந்தப் பங்குப் பணம் என் கைக்கு வந்தால்தான் அவள் ஃபீஸ் கட்ட முடியும். விற்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? காதில் கிடப்பதே கவரிங்.

ஊர்க்கூட்டத்துக்குப் பெண்கள் போகிற வழக்கம் இல்லை. போனேன்.

வரி எழுதிக்கொண்டிருந்த கண்ணாயிரம் நிமிர்ந்து பார்த்தார். "இன்னாம்மா, நீ எங்க இங்க?"

"வரி கட்ட வந்தேன் மாமா. எம் பேர்ல எழுது."

எவனோ சிரித்தான். பல்லைத் தட்டிக் கையில் கொடுக்கலாம் போலிருந்தது.

"பொம்பள பேர்ல எழுத மாட்டோம்மா. தேசப்பன் பேரு கீது, அதுலயே போட்டுக்கறேன்."

"அப்ப தேசப்பன்கிட்டயே வாங்கிக்க." பணத்தைத் திரும்பச் சுருக்குப் பையில் போட்டேன்.

கண்ணாயிரம் முகம் தொங்கிப்போனது. ஒரு தலைக்கட்டு பாக்கி இருந்தாலும் எங்கள் ஊரில் அம்மனுக்குக் காப்பு கட்ட மாட்டார்கள். காப்போ மறுநாள் காலை.

"இன்னா பேஜாரு பண்ற? சாமி காரியம்மா!"

"சாமிக்கு என்னியத் தெரியும். ஒனக்குத்தான் தெரியல. அவனுக்குப் போன் போடு. எல்லாருக்கும் கேக்கறாப்புல போடு."

போட்டார்.

"டேய் தேசப்பா, வரி பாக்கி கீதுடா. நாளிக்கிக் காப்பு."

"வரியா? நா இன்னாத்துக்குக் குடுக்கணும்?" போனுக்குள் தேசப்பன் எகிறினான். "நா அந்த வூட்லயே இல்லியே மாமா! அவதான கீறா, அவளாண்ட வாங்கு."

பட்டென்று வைத்துவிட்டான். இப்போது ஒருத்தனும் சிரிக்கவில்லை.

"கேட்டுக்கினீங்களா?" என்றேன். அழுதுவிடுவேனோ என்று பயமாகக்கூட இருந்தது. அழவில்லை. "அந்த வூட்ல யாரு கீறாங்களோ அவங்க பேர எழுதுங்க. இல்லாங்காட்டி காப்பு நிக்கட்டும்."

ஊர்த் தலைவர் சடையப்பன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "எழுது கண்ணாயிரம். அவனே சொல்லிட்டான், அப்புறம் இன்னா?"

கண்ணாயிரம் 'தேசப்பன் சம்சாரம்' என்று ஆரம்பித்தார்.

"அத்த அடி மாமா."

"அடிச்சிட்டு?"

"வச்சலா. அவ்ளோதான்."

அடித்தார், எழுதினார். பணத்தை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

திருவிழா முடிந்து பங்கு பிரித்த மறுநாள் சாயங்காலம் தேசப்பனின் பைக் என் வாசலில் வந்து நின்றது. இத்தனை வருஷத்தில் இப்போதுதான் துரைக்கு வழி தெரிந்திருக்கிறது. உள்ளே வினிதா, ஃபீஸ் கட்டி வாங்கிவந்த காலேஜ் யூனிஃபாரத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, எம் பங்க நீ வாங்கிக்கினியாமே?"

"எந்த வூட்டுப் பங்கு?" என்றேன். "நீதான் இந்த வூட்லயே இல்லியே."

பைக் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றேன். அப்புறம் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்து, எனக்கும் வினிதாவுக்கும் டீ போட்டேன்.