மும்பை டிக்கெட்

ஆடிட்டர் சித்தார்த் கம்ப்யூட்டர் திரையைக் குமரன் பக்கம் திருப்பி, "இந்த மும்பை டிக்கெட் மூணும் எதுக்குங்க எடுத்தது?" என்று கேட்டான். இந்த வருஷம்தான் புதிதாகக் கணக்குப் பார்க்கிறான். இவர்கள் வீட்டு விஷயம் அவனுக்கு எதுவும் தெரியாது.

குமாரபாளையத்தில் குமரனும் அண்ணன் மருதாசலமும் நடத்தும் லுங்கிக் கம்பெனிக்கு நூல் வாங்குவதெல்லாம் கம்பெனி கிரெடிட் கார்டில்தான். அதில் சேர்ந்த பாயிண்டுகளில் விமான டிக்கெட் எடுத்துத்தான் குமரனும் ரஞ்சனியும் மகள் கிருத்திகாவை வைத்தியத்துக்கு மும்பை கூட்டிப்போனார்கள். ரத்தப் புற்று. ரயிலில் அவ்வளவு நேரம் அவளால் உட்கார முடியாது. பாயிண்டை எடுக்கச் சொன்னதே அண்ணன்தான். கோயமுத்தூரில் விமானம் ஏறியதிலிருந்து அவள் மாஸ்க்குக்கு மேலே கண்கள் விரிய மேகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனதுங்க" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருதாசலம்.

"கம்பெனி செலவுல சேர்ந்த பாயிண்ட்டுங்க. சொந்தத்துக்கு எடுத்தா, கம்பெனி குமரன் சாருக்குக் குடுத்த சலுகையாயிரும். அவரு வருமானத்துல சேர்த்து வரி கட்டோணும்." பிறகு சித்தார்த் குரலைத் தாழ்த்தினான். "யாவார விஷயமாப் போனதுன்னு போட்டுட்டா ஒண்ணும் வராதுங்க."

"அப்படியே போட்டுருங்க தம்பி."

"போடாதீங்க" என்றான் குமரன். "எம்புள்ள யாவாரத்துக்கா வந்தா, அண்ணா?"

சித்தார்த் சங்கடத்தோடு திரையைத் துழாவினான். "திரும்பி வாரப்ப ஒரு டிக்கெட் கேன்சலாயிருக்குதுங்க. அந்தப் பாயிண்ட்டு கார்டுக்கே வந்துருச்சு. அதைக் கழிச்சுட்டு, ரெண்டு பேரு வந்ததுக்கு மட்டும்..." பாதியில் வாயை மூடிக்கொண்டான்.

குமரன் அந்த டிக்கெட்டை ரத்து செய்யவில்லை. அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் அவனுக்கு டிக்கெட் என்று ஒன்று இருப்பதே நினைவில் இல்லை. ரஞ்சனி சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தாள். அவன் போன் செய்து சொன்னது ஒரே ஒருவருக்கு.

"நீங்களாண்ணா?"

மருதாசலம் நிமிரவில்லை. "உன் போன வெச்சதும் என்ன பண்றதுன்னே தெரியலடா. வீணாப் போயிருமேன்னு... கை தன்னால பண்ணிருச்சு, சாமி."

குமரன் திரையைச் சித்தார்த் பக்கமே திருப்பி வைத்தான்.

"எதையும் கழிக்க வேண்டாங்க" என்றான் குமரன். "மூணு பேரு போய் மூணு பேரு வந்ததாவே வரி போடுங்க."

வெளியே வெயில் காந்தியது. குமரன் பைக்கைக் கிளப்பிவிட்டுக் காத்திருந்தான். வெகுநேரம் கழித்து மருதாசலம் வந்து பின்னால் ஏறினார். எப்போதும் தம்பியின் தோளைப் பிடிக்கிற கை, கொஞ்சம் தயங்கிவிட்டு, சீட்டுக்குப் பின்னாலிருந்த சூடேறிய கம்பியைப் பிடித்துக்கொண்டது.