முன்பக்கமாக இறங்கியவள்

பளு தூக்கிய மறுநாள் காலையில் விளையாட்டு விடுதிப் பெண்கள் யாரும் மாடிப்படியில் முன்பக்கமாக இறங்க மாட்டார்கள். ஒவ்வொரு படிக்கும் தொடை உயிரை வாங்கும். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்பக்கமாக இறங்கினால் கொஞ்சம் தேவலை.

அன்று வெடி நேராக இறங்கினாள். பந்தயத்தில் துப்பாக்கி வெடிக்கும் முன்பே பாய்ந்துவிடுவதால் அவளுக்கு அந்தப் பெயர். தொடர் ஓட்டத்துக்கு மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். நாலாவது இடத்துக்கு இவளும் தோழி நெட்டையும் நாளை போட்டியாக ஓடவேண்டும். அடுத்த வாரம் இருந்த தேர்வு ஓட்டத்தைத் திடீரென்று நாளைக்கு இழுத்துவிட்டார்கள். நெட்டை வீட்டுக்குப் போய்விட்டு நேற்றிரவுதான் வந்தாள். பளுவைத் தொடவே இல்லை. வெடிக்கு வலி என்று தெரிந்தால் பயிற்சியாளர் ஓய்வு கொடுத்துவிடுவார். இடம் போயே போச்சு.

கீழே பயிற்சியாளர் டீ டம்ளரோடு நின்றிருந்தார்.

"என்னம்மா, மகாராணி மாதிரி இறங்குறே? நேத்து எடையைக் கழட்டி வச்சிட்டியா?"

"இல்ல மேடம். சொன்னதெல்லாம் தூக்கினேன்."

"அப்ப உனக்கு மட்டும் வலிக்கல?"

வலிக்கிறது என்றால் ஓய்வு. வலிக்கவில்லை என்றால் ஏமாற்றுக்காரி. வெடி முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"சரி, மேல போய் வெறும் தண்டைத் தூக்கிக் காட்டு. நான் வர்றேன்."

மேலே பளு அறையில் எடையே மாட்டாத இரும்புத் தண்டு. தோளில் வைத்து உட்கார்ந்தாள். எழ முடியவில்லை. தொடைகள் வெடவெடவென்று நடுங்கின. தண்டை மெல்லக் கீழ்த் தாங்கிக் கம்பிகளில் சாய்த்துவிட்டு அப்படியே தரையில் சரிந்தாள். இனி எழுந்து என்ன ஆகப்போகிறது என்றிருந்தது.

"வலிக்குது மேடம்," என்றாள், வாசலில் நின்றவரைப் பார்க்காமல்.

பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தொடையை அழுத்திப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்கு. இதோட ஓடினா கிழிஞ்சிடும்டி. தேதியை மாத்துங்கன்னு நானும் கத்திப் பார்த்துட்டேன். எவன் கேட்டான்?" பெருமூச்சு விட்டார். "நாளைக்கு நீ ஓடல."

வெடிக்கு அழுகை வரவில்லை. அவ்வளவு அசதி.

வெளியே வந்து கைப்பிடியைப் பிடித்து, திரும்பி, பின்பக்கமாக ஒரு படி இறங்கினாள். கீழிருந்து நெட்டை ஓடி வந்தாள். விஷயம் முகத்திலேயே தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

"தோளைப் புடிச்சுக்கோ."

"நீ நாளைக்கு ஒழுங்கா ஓடு. சொதப்பின, கொன்னுடுவேன்."

"முதல்ல என்னைத் துரத்திப் புடிடி, கிழவி," என்றாள் நெட்டை, வெடியின் பாதத்தைப் பிடித்து அடுத்த படியில் பார்த்து வைத்தபடி.