இறங்கி ஏறும் ஜங்ஷன்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று ஆபீஸில் பெயர். மத்திய அரசு ஆபீஸ் ஒன்றில் வரைபடம் வரைகிற வேலை. கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த பதினான்கு வருஷத்தில், அளவு குறிக்காத ஒரு தாள்கூட என் மேசையைத் தாண்டிப் போனதில்லை. ஸ்கேல் எங்கே, ஸ்கேல் எங்கே என்று கேட்டே எத்தனையோ ஜூனியர்களை அழவைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட செல்வராணி செய்த கூத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

என் மகள் மஹிமாவுக்கு ஆறு வயதானபோது, என் வீட்டுக்காரர் குமரவேல் ஒரு பொம்மை ரயில் வாங்கிவந்தார். அவருக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலில் வந்த யாரோ ஒரு இன்ஜினீயர் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்தது. மின்சாரத்தில் ஓடும், நிஜ ரயிலில் எண்பத்தேழில் ஒரு பங்கு. மஹிமா ரயிலை எடுத்து வெளியே வைத்துவிட்டு, காலி அட்டைப்பெட்டியில் தன் பொம்மைகளைப் படுக்கவைத்தாள். ரயில் தரையில் கிடந்தது. தூசி படுமே என்று நான் எடுத்துவைத்தேன். அன்றைக்குக் கையில் எடுத்ததுதான், அப்புறம் கீழே வைக்கவே இல்லை.

பதினோரு வருஷம் போயிற்று. மஹிமா கோயம்புத்தூரில் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். ஜாதவ்பூரில் எங்கள் வாடகை வீட்டில் அவளுடைய அறை முழுக்க இப்போது என் ரயில்தான். கட்டில் அளவுக்கு ஒரு பலகை, அதில் சுற்றுப்பாதை, ஒரு ஸ்டேஷன், ஒரு பாலம். ஸ்டேஷனுக்குப் பின்னால் சுரங்கத்தோடு ஒரு குன்று. அந்தக் குன்றைப் பற்றிக் கொஞ்சம் பீற்றிக்கொள்ள வேண்டும். நாற்பது மீட்டர் உயரமுள்ள நிஜக் குன்று ஒன்றின் உயரக் கோடுகளை வரைபடத்தில் பார்த்து, அப்படியே சுருக்கி, பழைய பேப்பரையும் மைதாப் பசையையும் வைத்துக் கட்டினேன். இரண்டு வருஷம் பிடித்தது.

ஆனால் இதையெல்லாம் யாரிடம் காட்டுவது? வீட்டுக்கு வருகிறவர்கள் அறையை எட்டிப்பார்த்து, "மகளோடதா?" என்று கேட்பார்கள். "ஆமாம்" என்று பொய் சொல்வேன். நாற்பத்தாறு வயதுப் பெண்பிள்ளை பொம்மை ரயில் ஓட்டுகிறாள் என்று சொல்ல வாய் வரவில்லை. குமரவேல் கேலி செய்வாரே தவிர தடுக்க மாட்டார். அவருக்கு ரயில் என்றால் லோயர் பெர்த் கிடைத்ததா இல்லையா, அவ்வளவுதான். எனக்கு என்னைப் போலவே ஒரு பைத்தியம் வேண்டியிருந்தது. ஒன்று போதாது, நாலு பேர் வேண்டியிருந்தது. சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தாலும், அதற்காக நான் ஏங்கினேன்.

அந்த ஜனவரியில் துணிந்து ஒரு நோட்டீஸ் எழுதினேன். "பொம்மை ரயில் பிடிக்குமா? ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வாருங்கள். உங்கள் ரயிலையும் கொண்டுவாருங்கள், ஓட்டிப் பார்க்கலாம்." கீழே முகவரி. மேலே அழகாக ஒரு என்ஜின் படம். தமிழில் எழுதியதை லேக் மார்க்கெட்டில் நாங்கள் இட்லி அரிசி வாங்கும் கடையில் ஒட்டினேன். வங்காளத்தில் எழுதியது ஜாதவ்பூர் ஸ்டேஷன் பேப்பர் கடைக்குப் போனது. ஆங்கிலத்தில் எழுதியதைப் பல்கலைக்கழக வாசலில் ஜெராக்ஸ் கடையில் ஒட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை குமரவேல் உளுந்து வடைக்கு மாவு அரைத்தார். "ஏட்டி ராணி, ஆள் வரலன்னா இவ்வளவு வடையையும் யாரு திங்கது?" என்றார்.

"வருவாங்க. நீங்க வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்றேன். யாராவது வரவேண்டும், வந்தவர்கள் அடுத்த வாரமும் வரவேண்டும். வராவிட்டால் அந்த அறைக் கதவை இனிமேல் யாருக்கும் திறப்பதில்லை என்று முடிவுசெய்திருந்தேன்.

மூன்றே முக்காலுக்கே மணி அடித்தது. கையில் பெரிய தகரப் பெட்டியோடு ஒரு பெரியவர். பெயர் சிவராமகிருஷ்ணன், அரசாங்க வேலையில் ரிடையர் ஆனவர். உட்காருவதற்கு முன்பே பெட்டியைத் திறந்தார். சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில், அதன் தண்டவாளத்தோடு, சிவப்பும் பச்சையுமாகப் பளபளத்தது. "எனக்கு ஏழு வயசுல அப்பா நியூ மார்க்கெட்ல வாங்கிக் குடுத்தது. இன்னிக்கும் ஜம்முனு ஓடும், பாக்கறேளா?" என்றார்.

என் கண் நேரே சக்கரத்துக்குப் போயிற்று. என் தண்டவாளத்தின் அகலம் பதினாறரை மில்லிமீட்டர். அவருடையது முப்பத்திரண்டு இருக்கும்.

"இது இதுல ஓடாது சார்" என்றேன்.

அடுத்து வந்தவள் தீப்தி. ஹவுராவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண், ஜாதவ்பூரில் இன்ஜினீயரிங் படிக்கிறாள். பை எதுவும் இல்லை, ஒரு பென்சில் டப்பா மட்டும். "காக்கிமா, அதாவது சித்தி, எனக்குத் தமிழ் கொஞ்சம் பாங்லா மாதிரிதான் வரும், கிச்சு மனே கோர்பேன் நா, தப்பா நினைக்காதீங்க" என்று சிரித்துக்கொண்டே டப்பாவைத் திறந்தாள். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு என்ஜினும் மூன்று பெட்டிகளும், துண்டு துண்டாகத் தண்டவாளமும். சிங்கப்பூர் மாமா அனுப்பியதாம். அகலம் ஒன்பது மில்லிமீட்டர்.

"இதுவும் ஓடாதும்மா" என்றேன்.

கடைசியாக வந்தவர் ஹாராதன் மண்டல். சாந்த்ராகாச்சி யார்டில் பெட்டிகளைத் தள்ளிக் கோத்துவிடும் என்ஜினின் டிரைவர். வாரம் முழுக்க நிஜ ரயில் ஓட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை பொம்மை ரயில் பார்க்க வந்திருக்கிறார்! அவரைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. கம்சாத் துண்டில் சுற்றியிருந்ததை அவர் பிரித்தார். பிஸ்கட் டின்னை வெட்டித் தானே செய்த என்ஜின். உள்ளே பழைய டேப் ரெக்கார்டர் மோட்டார், பேட்டரி. கூடவே ஒரு கட்டுத் தண்டவாளம், அதுவும் அவரே குடைக்கம்பிகளைப் பற்றவைத்துச் செய்தது.

"தாதா, இது என்ன ஸ்கேல்?" என்று, அண்ணனைக் கூப்பிடுவதுபோல, வங்காளத்தில் கேட்டேன்.

"ஸ்கேலா? டின் எவ்வளவு அகலமோ அவ்வளவு, போவ்தி" என்றார், என்னை அண்ணியாக்கி.

"அப்படின்னா எதுலயுமே ஓடாதே!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நோட்டீஸில் எல்லாம் எழுதினேன். தண்டவாள அகலம் எத்தனை என்று எழுதவில்லை. ஸ்கேல் ஸ்கேல் என்று ஊரையே விரட்டுகிறவள், மூன்று மொழியிலும் ஸ்கேலை மறந்திருக்கிறேன். என் மேலேயே வந்த ஆத்திரத்தை வந்தவர்கள் மேல் காட்டினேன் என்றுதான் சொல்லவேண்டும். "சரி, என்னோடதை ஓட்டிக் காட்டுறேன், நின்னு பாருங்க" என்றேன், வகுப்பு எடுப்பதுபோல.

ரயில் ஓடியது. முதல் சுற்றுக்கு "ஆஹா" என்றார்கள். குன்றின் சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்ததும் கைதட்டினார்கள். மூன்றாவது சுற்றில் சிவராமகிருஷ்ணன் ஆசையாகப் பெட்டியைத் தொடப்போனார். "தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன். அவர் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். ஆறாவது சுற்றில் தீப்தி தன் பென்சில் டப்பாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பத்தாவது சுற்றில் ஹாராதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

குமரவேல் அடுப்படியிலிருந்து கூப்பிட்டார். போனேன். வடையைத் திருப்பிப் போட்டபடியே மெதுவாகச் சொன்னார். "மூணு பாஷையில எழுதி ஒட்டி ஆளக் கூப்ட்ட. வந்தவங்கள வரிசையா நிப்பாட்டி அளவெடுத்து அனுப்புத. அவங்க என்ன, ஒன் ரயில வேடிக்க பாக்கவா வந்திருக்காவ?"

எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அறைக்குத் திரும்பி வந்தேன். ஹாராதன் தன் என்ஜினை மறுபடியும் கம்சாவில் சுற்றிக்கொண்டிருந்தார். பெரியவர் பெட்டியின் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு ஆசையாக எடுத்துவந்தார்கள்! நான் மட்டுமா பதினோரு வருஷம் தனியாகக் கிடந்தேன்? பெரியவர் அம்பது வருஷத்துக்கு மேலாக அந்தச் சாவியைத் தனியாகத் திருகிக்கொண்டிருக்கிறார்.

"ஹாராதன் தா, அதைப் பிரிங்க. உங்க ரயில் ஓடி நான் இன்னும் பாக்கவே இல்லையே" என்றேன்.

"உங்க லைன்லதான் ஓடாதே, போவ்தி."

"ஓட வேண்டாம். உங்க லைன்லயே ஓடட்டும். எங்க போடலாம், சொல்லுங்க."

அவர் தயங்கினார். பிறகு என் ஸ்டேஷனைப் பார்த்தார், யார்டில் நின்று லைன்களைக் கணக்குப் பார்க்கிற மாதிரி. "நான் வேலைக்குச் சேர்ந்த புதுசில சிலிகுரிப் பக்கம் இருந்தேன். அங்க மூணு அகலத்துல லைன் வரும். பெரிசு, மீட்டர் கேஜ், டார்ஜிலிங் போற சின்னது. ஒண்ணோட வண்டி இன்னொண்ணுல ஓடாது. அதுக்காக யாரும் வீட்டுக்குத் திரும்பிப் போனாங்களா? இந்த வண்டியிலிருந்து இறங்கி அந்த வண்டியில ஏறுவாங்க. சரக்கையும் அப்படித்தான் மாத்துவோம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க ஸ்டேஷனுக்குப் பின்னால இடம் இருந்தா எல்லா லைனையும் அங்க கொண்டுவரலாம். ஆனா குன்று இருக்கே" என்றார்.

குன்று இருந்தது. இரண்டு வருஷக் குன்று. உயரக் கோடுகள் ஒரு மில்லிமீட்டர் பிசகாத குன்று. எல்லோரும் அதைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள்.

ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். "நா, நா, வேண்டாம் போவ்தி!" என்று ஹாராதன் பதறினார். நான் நாலு ஸ்க்ரூவையும் கழற்றினேன். குன்றை இரண்டு கையாலும் தூக்கினேன். ஒரு ஓரம் கிழிந்து, உள்ளேயிருந்த பழைய பேப்பர் எட்டிப்பார்த்தது. வலித்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். கொண்டுபோய் எங்கள் கட்டிலில் வைத்துவிட்டு வந்து, "சார், பெட்டியத் திறங்க. தீப்தி, உன் லைன எடு" என்றேன்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்ததை என்ன சொல்ல! சாப்பாட்டு மேசையைத் தூக்கிவந்து பலகையோடு ஒட்டினோம். உயரம் போதாமல் கால்களுக்கு அடியில் மஹிமாவின் பழைய பாடப்புத்தகங்களை வைத்தோம். பெரியவரின் அகல லைன் மேசையைச் சுற்றிவந்து என் பிளாட்பாரத்தின் ஒரு பக்கம் நின்றது. தீப்தியின் பொடி லைன் குன்று இருந்த இடத்தில் வளைந்து மறுபக்கம் வந்தது. ஹாராதனின் குடைக்கம்பி லைன் அது முடிகிற இடத்தில் ஆரம்பித்து, இரண்டு ஸ்டூல்களைத் தாண்டி, அடுப்படி வாசல்வரை போயிற்று.

சரக்கு வேண்டுமே. குமரவேல் ஒரு கிண்ணம் பொட்டுக்கடலை கொண்டுவந்தார். "கடைசி ஸ்டேஷன் அடுப்படி. சரக்கு எனக்கு வந்து சேரணும். பசியோட நிக்கேன்" என்று வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பெரியவர் சாவி கொடுத்தார். அவர் ரயிலுக்கு பிரேக் கிடையாது. கடலையோடு பாய்ந்துவந்து, ஸ்டேஷனைத் தாண்டி, மேசை ஓரத்தில் முட்டிக் கவிழ்ந்தது. கடலை அறை முழுக்கச் சிதறியது. "ஆக்ஸிடென்ட்! ஆக்ஸிடென்ட்!" என்று தீப்தி குதித்தாள். பெரியவர் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த தடவை அரைத் திருகு மட்டும் கொடுத்தார். வண்டி முனகிக்கொண்டே வந்து பிளாட்பாரத்தில் நின்றது. நான் கடலையை எடுத்து என் வண்டியில் மாற்றினேன். ஒரு சுற்றுப் போய் வந்து தீப்திக்குக் கொடுத்தேன். அவள் பெட்டியில் ஒரே ஒரு கடலைதான் பிடித்தது. அதைக்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தாள். அது ஆடி ஆடி வந்து சேர, ஹாராதன் விரல் நுனியால் எடுத்துத் தன் டின் வண்டியில் போட்டுக்கொண்டார். "கர்ர்" என்று சத்தம் போட்டபடி அது ஸ்டூல்களைத் தாண்டி அடுப்படி வாசலை அடைந்தது. அந்த ஒற்றைக் கடலையைக் குமரவேல் வாயில் போட்டு மெதுவாக மென்று, "சரக்கு நல்ல நெலமையில வந்து சேந்துச்சு" என்றார். தெருவுக்கே கேட்கும்படி நாங்கள் ஐந்து பேரும் கூச்சல் போட்டோம்.

அப்புறம் எத்தனை கடலை போயிற்று என்று யாரும் எண்ணவில்லை. வடை வந்தது, தீர்ந்தது, மறுபடி வந்தது. கொஞ்ச நேரத்தில் பழைய குணம் தலைதூக்க, "சார், நீங்க ரெண்டு நிமிஷம் லேட்" என்று அதட்டினேன். "ரயில்வேன்னா லேட் இருக்கத்தான் செய்யும்" என்று அவர் திருப்பிக் கொடுத்தார். யாருக்கும் கோபம் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். அடுத்த வாரம் வருவீர்களா என்று கேட்க வாய் எழவில்லை. இல்லை என்றோ, பார்க்கலாம் என்றோ சொல்லிவிட்டால்? கழற்றிய ஸ்க்ரூக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஹாராதன் கம்சாவை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வெறுங்கையோடு வாசலுக்குப் போனார். "தாதா, உங்க என்ஜின்!" என்றேன்.

"டியூட்டி முடிஞ்சா என்ஜின வீட்டுக்கா தூக்கிட்டுப் போவாங்க, போவ்தி? ஷெட்டுலயே நிக்கட்டும்" என்றார்.

தீப்தி காலிப் பென்சில் டப்பாவை ஆட்டிக் காட்டிவிட்டு ஓடினாள். பெரியவர் மட்டும் தன் தகர ரயிலின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். எடுத்துக்கொள்ளட்டும், அவர் அப்பா கொடுத்தது என்று நான் நினைத்தேன். அவர் என்ஜினைத் தடவிக்கொடுத்து, பிளாட்பாரத்தில் நேராக நிறுத்தினார். சாவியை மட்டும் உருவிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ரயில் இங்கயே இருக்கட்டும். ஆனா சாவியக் குடுக்க மாட்டேன். நான் இல்லாத நேரத்துல ஓட்டிப் பாத்துடுவேள், உங்களத் தெரியாதா?" என்றார்.

அவர் படியிறங்கியதும் அறைக்குள் வந்தேன். நாலு என்ஜின்கள் நின்றன, நாலும் நாலு அகலம். எனக்கு அழுகை வந்தது, நன்றாகவே அழுதேன். "கட்டில்ல ஒரு மலை கெடக்கு, நான் எங்கடி படுக்கது?" என்று குமரவேல் உள்ளேயிருந்து கத்தினார்.