மின்யூ வாங்கிய மேட் பாக்ஸ்

முதல் நாள் எடுத்ததை ஓட்டிப் பார்த்தபோது பதினொரு இடத்தில் சாப்பாட்டு டப்பாவின் மூடி தெரிந்தது. வானத்தின் மேல் ஓரத்தில் மூடியும், லென்ஸில் வெயில் விழாமல் அதைப் பிடித்திருந்த போஷெங்கின் கட்டைவிரலும்.

"விரல் நல்லா விழுந்திருக்கு," என்றான் போஷெங். "கடைசியில பேர் போடும்போது தனியாப் போட்டுடு. கட்டைவிரல், லியாவ் போஷெங்."

"மூடியை ஒழுங்காப் பிடிச்சிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காதுடா," என்றாள் மின்யூ.

"ஒரு கையில மைக்குக் கம்பு, இன்னொரு கையில டப்பா மூடி. மூணாவது கை முளைச்சதும் ஒழுங்காப் பிடிக்கிறேன், டைரக்டரம்மா."

மின்யூவுக்கு முப்பத்தெட்டு வயது. தைவானின் தைனான் நகரில் பத்து வருஷமாகக் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். போஷெங் அவளுடன் கல்லூரியில் படித்தவன். ஒலிப்பதிவு அவன் வேலை, அவளைச் சீண்டுவது சம்பளமில்லாத வேலை. இந்த முறை கல்யாணம் இல்லை. பெய்மென் பக்கத்துக் கடலோர ஊரில் பால்கெண்டை வளர்ப்பவர்களின் சிறு சங்கம் ஒன்று, தங்கள் மீன்குட்டைகளைப் பற்றிப் பன்னிரண்டு நிமிஷப் படம் கேட்டிருந்தது. கல்யாண மண்டப விளக்குகளுக்குப் பழகிய கேமரா, திறந்தவெளியில், நாலு பக்கமும் தண்ணீர் மின்னும் இடத்தில் திண்டாடிப் போனது. லென்ஸுக்குள் வெயில் புகுந்து படம் வெளுத்தது. தண்ணீரின் பளபளப்பில் பேசியவர்களின் முகமே கரைந்துவிட்டது. டப்பா மூடி தெரியாத இடங்களும் தேறவில்லை.

"மேட் பாக்ஸ் ஒண்ணு வாங்கிடலாம்," என்றாள் மின்யூ. லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற கருப்புப் பெட்டி அது. மேலே தொப்பி விளிம்பு மாதிரி ஒரு தகடு, வெயிலை மறைக்கும். உள்ளே பளபளப்பைக் குறைக்கும் கண்ணாடியைச் செருகிக்கொள்ளலாம். "என்கிட்ட இருக்கிற மூணு லென்ஸுக்கும் மூணு அளவு வாய். பெட்டி இருந்தா ஒரே கண்ணாடி மூணுக்கும் போதும். கணக்குப் பார்த்தா லாபம்தான்."

"வெயிலுக்காக வாங்குறியா, செயலாளருக்காக வாங்குறியா?"

மின்யூ லென்ஸைத் துடைக்கத் தொடங்கினாள். முதல் நாள் காலையில் சங்கச் செயலாளர் சுவாங் அவள் கேமராவை ஏற இறங்கப் பார்த்து, "என் மருமகன் ஜப்பானுக்குச் சுத்திப் பார்க்கப் போனப்போ இதைத்தான் கழுத்துல தொங்கவிட்டுக்கிட்டுப் போனான்," என்று சொல்லியிருந்தார். அதை போஷெங் மறந்திருப்பான் என்று அவள் நினைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பஸ் பிடித்து இருவரும் தைபே போய், பழைய கோட்டையின் வடக்கு வாசலை ஒட்டிய கேமராக் கடைத் தெருவில் இறங்கினார்கள். இணையத்தில் வாங்கியிருந்தால் இந்த அலைச்சல் இல்லை. ஆனால் போன வருஷம் அவள் அப்படி வாங்கிய தோள்தாங்கி இதுவரை எந்த மனிதத் தோளிலும் உட்காரவில்லை. நாலாயிரம் தைவான் டாலருக்கு மேல் ஒரு காசு கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தாள்.

முதல் கடையில் வெள்ளைக் கையுறை போட்ட இளைஞன் ஒரு தோல் பெட்டியைத் திறந்து, அதற்குள்ளிருந்த மேட் பாக்ஸைக் கைக்குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக் காட்டினான். விலை இருபத்தெட்டாயிரம்.

"மூடிடுங்க தம்பி," என்றான் போஷெங் பணிவாக. "நாங்க மூச்சு விட்டாக் கறை படிஞ்சிடும்."

இரண்டாவது கடையில்தான் மின்யூ மனதைப் பறிகொடுத்தாள். அங்கே இருந்தது பெரிய பெட்டி. மேலே, கீழே, இரு பக்கமும் விரிகிற நாலு இறக்கைகள், கண்ணாடி செருக இரண்டு தட்டுகள். விலை மூவாயிரத்துத் தொள்ளாயிரம். கேமராவில் மாட்டியதும் கேமரா காணாமல் போய், வேறு ஏதோ பெரிய இடத்து இயந்திரம் வந்து நின்றது. கடைக்காரரின் முதுகுக்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடி. மின்யூ கேமராவைத் தோளுக்கு ஏற்றி, அதில் தன்னை ஒரு தரம் பார்த்தாள். கொஞ்சம் திரும்பி நின்று இன்னொரு தரம் பார்த்தாள்.

"மூஞ்சிக்கு எடுப்பா இருக்கு," என்றான் போஷெங். "லென்ஸ் வழியாவும் ஒரு தடவை பார்த்துட்டா நல்லது."

அகல லென்ஸை மாட்டிப் பார்த்தாள். நாலு மூலையிலும் கருப்பாக இருந்தது. பெட்டியின் ஆழம் அதிகம். அதன் சுவரே படத்துக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

"அது ஒண்ணும் இல்லைங்க," என்றார் கடைக்காரர். "அப்புறமாப் படத்தைக் கொஞ்சம் பெரிசாக்கி ஓரத்தை வெட்டிட்டாப் போச்சு."

அதற்குள் போஷெங் காதுக்கருவியை மாட்டி, மைக்கைப் பெட்டியருகே பிடித்து, கேமராவை மெதுவாக ஆட்டினான். பிறகு காதுக்கருவியைக் கழற்றி அவள் தலையில் வைத்தான். உள்ளே தட்டுகள் கிலுகிலுப்பை மாதிரி ஆடின.

"குழந்தைங்க படம் எடுக்கிறதா இருந்தா வாங்கலாம்," என்றான்.

மின்யூ பெட்டியைக் கழற்றிக் கொடுத்தாள். வெளியே வந்து பத்தடி நடந்த பிறகு ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். போஷெங் அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டான். அவனுக்கு அந்த அளவு இரக்கம் உண்டு.

மூன்றாவது கடை எதிர்ச் சாரியில், இரண்டு பேர் சேர்ந்து நின்றால் நிறைந்துவிடும் அளவு. கல்லாவுக்குப் பின்னால் கே அம்மா என்று எல்லோரும் கூப்பிடும் கடைக்காரி நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மேட் பாக்ஸ் வேண்டும் என்றதும் சாப்பாட்டை நிறுத்தாமலே விசாரித்தாள்.

"உன்கிட்ட இருக்கிறதுல ரொம்ப அகலமான லென்ஸ் எது? கொடு இப்படி. ஒரே நேரத்துல எத்தனை கண்ணாடி போடுவே?"

"ஒண்ணு போதும்."

"யாரைப் பயமுறுத்தணும்?"

"என்னது?"

"சில பேர் அதுக்கும் வாங்குறாங்க. அவங்களுக்கு வேற அலமாரி."

போஷெங் கூரையைப் பார்த்தான். மின்யூவின் காது சிவந்தது. "யாரையும் இல்லை," என்றாள்.

கே அம்மா கீழ் இழுப்பறையிலிருந்து ஒரு சதுரப் பெட்டியை எடுத்து வைத்தாள். ஆழமே இல்லை. இறக்கை மேலே ஒன்றுதான். அதுவும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, தூக்கம் வந்த கண்ணிமை போல மெல்ல இறங்கியது. ரப்பர் வளையம் ஒன்றைத் திருகுக்கு அடியில் போட்டு இறுக்கியதும் நின்றது. மின்யூ அகல லென்ஸில் பார்த்தாள்; மூலைகள் சுத்தமாக இருந்தன. போஷெங் ஆட்டிக் கேட்டுவிட்டுத் தலையசைத்தான். ஓரத்தில் கீறல் விழுந்த பழைய கண்ணாடி ஒன்றையும் கே அம்மா சேர்த்துக் கொடுத்தாள். அதைச் செருகிய தட்டைத் திருகியதும், எதிர்க்கடைச் சன்னலில் மின்னிய வெயில் அப்படியே அடங்கி, உள்ளே இருந்த பொம்மைகள் தெரிந்தன. எல்லாம் சேர்த்து நாலாயிரத்தைத் தாண்டவில்லை.

"அழகா இல்லையே," என்றாள் மின்யூ பஸ்ஸில், மடியிலிருந்த பெட்டியைப் பார்த்து.

"நீயும் நானும் மட்டும் என்ன அழகா? வேலை கிடைக்கலையா?"

ஞாயிறு காலை எட்டு மணிக்கு மீண்டும் மீன்குட்டை. பெட்டி மாட்டிய கேமராவைச் செயலாளர் சுவாங் ஒரு முழுச் சுற்று சுற்றி வந்தார். "இப்பத்தான் கேமரா மாதிரி இருக்கு," என்றார். "மதியம் தலைவரைக் கூட்டிட்டு வரேன். அவரும் பார்க்கட்டும்." மின்யூவுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அந்த அசிங்கமான பெட்டியே இதைச் சாதித்தது என்றால், அந்த நாலு இறக்கைக்காரியைக் கொண்டு வந்திருந்தால் சுவாங் சல்யூட்டே அடித்திருப்பார்.

அன்று எடுக்க வேண்டியது சூச்சின் சித்தியின் பேச்சு. குட்டைக்காரர் ஷுன்ஃபாவின் மனைவி, அறுபத்தொரு வயது. கரையில் தார்ப்பாய் நிழலில் உட்கார்ந்து மீன் செதில் சுரண்டிக்கொண்டே, முதல் நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசியவள். கல்யாணத்தன்று மாப்பிள்ளை குட்டையில் விழுந்த கதையை அவள் சொன்னபோது, மைக்குக் கம்பே குலுங்கும் அளவுக்கு போஷெங் சிரித்தான். அந்தக் கதை முழுக்க வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. அதை மறுபடி எடுக்கத்தான் இந்த வருகை.

சித்தி இன்றைக்குத் தொப்பியைக் கழற்றித் தலை வாரியிருந்தாள். கேமராவைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கைகளைத் துடைத்து முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

"வணக்கம்," என்றாள். "பால்கெண்டை மிகவும் சத்து நிறைந்த மீன் ஆகும்."

"சித்தி, சாதாரணமாப் பேசுங்க. அன்னிக்குச் சொன்னீங்களே, சித்தப்பா குட்டையில விழுந்தது. அதைச் சொல்லுங்க."

"எனது கணவர் அவர்கள், திருமண நாளன்று, குட்டையில் தவறி விழுந்தார்." கொஞ்சம் யோசித்து, "பின்னர் எழுந்தார்," என்றும் சேர்த்தாள்.

போஷெங் உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பி நின்றான். கழுத்தளவு தண்ணீரில் வலை இழுத்துக்கொண்டிருந்த ஷுன்ஃபா, யாரைப் பற்றி இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறாள் என்று எட்டிப் பார்த்தார்.

"என்ன சித்தி ஆச்சு?"

"அன்னிக்கு வந்தது சின்னக் கண்ணு. இது பேங்க் மேனேஜர் மாதிரில்ல முறைக்குது. கடன் கேட்க வந்தவ மாதிரி எனக்கு மரியாதைப் பேச்சுதான் வருது."

மின்யூ பெட்டியைக் கழற்றினாள். சித்தி உடனே சிரித்தாள், பேசினாள். ஆனால் திரையில் சித்தி இல்லை, வெள்ளை வெளிச்சம்தான் இருந்தது. திரும்ப மாட்டினாள். சித்தி திரும்பவும் வணக்கம் சொன்னாள். மூன்று தடவை இப்படியே போனது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பெரிய பெட்டிக்கு ஆசைப்பட்டது நினைவுக்கு வந்து, மின்யூவுக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தன. ஆள் மிரளத்தான் அவளும் ஆசைப்பட்டாள். மிரண்டது தப்பான ஆள்.

தார்ப்பாய்க் கம்பில் சித்தியின் மூங்கில் தொப்பி தொங்கியது. வெயிலுக்கு முகத்தோடு சேர்த்துக் கட்டும் பூப்போட்ட துணியும் அதோடு தொங்கியது. சிவப்புப் பூ, மஞ்சள் இலை. மின்யூ அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சித்தி, இந்தத் துணியை எடுத்துக்கட்டுமா?"

பெட்டியின் மேல் இறக்கையோடு சேர்த்துத் துணியைப் போர்த்தி, வாயை மட்டும் விட்டு, கீழே முடிச்சுப் போட்டாள். உள்பக்கம் கருப்பாகவே இருந்தது, வெயிலும் புகவில்லை. வெளியிலிருந்து பார்த்தால், குட்டைக்கரையில் வேலைக்கு வந்த இன்னொரு பெண்பிள்ளை.

சூச்சின் சித்தி எழுந்து வந்து, முடிச்சை அவிழ்த்துச் சரியாகக் கட்டினாள். "இப்படித்தான் கட்டணும். காத்துக்குப் பறக்காது." பிறகு கேமராவைப் பார்த்து, "வெயில்ல வந்திருக்கே. உட்காரு," என்றாள். தானும் உட்கார்ந்து கத்தியை எடுத்தாள்.

அப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை.

"கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு மோட்டார் சைக்கிள்ல வராரு என் புருஷன், இந்த வரப்பு மேலேயே. நான் சன்னல்ல நிக்கிறேனான்னு திரும்பிப் பார்த்தாரு. அவ்வளவுதான், வண்டியோட உள்ளே. எங்கம்மா கல்யாணத்தைத் தள்ளி வைக்கணும்னு ஒரே அழுகை. நான் சொன்னேன், எதுக்குத் தள்ளி வைக்கணும், எப்படியும் மீன் நாத்தத்தோடதானே குடித்தனம் பண்ணப்போறேன், முதல் நாளே பழகிடட்டும்னு."

"அன்னிக்குக் காத்து அடிச்சுது," என்றார் ஷுன்ஃபா தண்ணீரிலிருந்து.

"இலை கூட அசையலை," என்றாள் சித்தி, கேமராவிடம்.

அந்த நேரம் பார்த்துச் செயலாளர் சுவாங் வந்து சேர்ந்தார். பூத்துணியைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது.

"என்னம்மா இது வேஷம்? காலையில நல்லாத்தானே இருந்துச்சு. தலைவர் கார்ல வந்துக்கிட்டிருக்காரு."

மின்யூ வாயைத் திறப்பதற்குள் சித்தி கேட்டாள். "சுவாங், படத்துல மீன் தெரியணுமா, கேமரா தெரியணுமா?"

சுவாங் கொஞ்சம் யோசித்தார். "மீன்தான்."

"அப்ப தள்ளி நில்லு. வெளிச்சத்துல நிக்கிறே."

அவர் தள்ளி நின்றார். மின்யூ கேமராவை நிறுத்தவே இல்லை.

படத்தை வெட்டி ஒட்டும்போது, சுவாங் வந்த அந்தப் பகுதியை வைப்பதா எடுப்பதா என்று இரண்டு நாள் குழம்பினாள். "படத்துல உயிரே அதுலதான் இருக்கு," என்றான் போஷெங். "அதை எடுத்தா என் கட்டைவிரலைத் திரும்பப் படத்துல போடச் சொல்வேன்." கடைசியில் சுவாங்கையே கூப்பிட்டுப் போட்டுக் காட்டினாள். அவர் மூன்று முறை பார்த்தார். கோபப்படுவார் என்று அவள் காத்திருந்தாள்.

"என் குரல் கொஞ்சம் கீச்சுன்னு இருக்கே," என்றார் கடைசியில். "அதைக் கனமாக்க முடியுமா?"

"தாராளமா," என்றான் போஷெங்.

குளிர்காலம் தொடங்கி, சங்கக் கட்டடத்தில் படம் போட்ட அன்று நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். குட்டைத் தண்ணீர் அடி வரை தெளிந்து தெரிந்தது. மீன் கூட்டம் திரும்பும்போது வெள்ளி மின்னியது. அதைப் பார்த்த இரண்டு குட்டைக்காரர்கள் அது யார் குட்டை என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். சுவாங் தள்ளி நின்ற இடத்தில் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் முன் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, தன் கனத்த குரலைக் கேட்டுத் திருப்தியாகச் சிரித்தார். மின்யூ பின்சுவரோடு ஒட்டி நின்றாள். பத்து வருஷத்தில் எத்தனையோ கல்யாண வீட்டார் அவள் எடுத்த படத்தைப் பார்த்து அழுதிருக்கிறார்கள். இத்தனை பேர் சேர்ந்து சிரித்தது இதுதான் முதல் தடவை. காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் மாற்றி மாற்றி நின்றாள்.

விளக்கு போட்டதும் ஷுன்ஃபா நேராக அவளிடம் வந்தார். சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு வந்திருந்தார்.

"காத்து அடிச்சதை யாருமே நம்பலை," என்றார்.

"வேணும்னா இன்னொரு தடவை விழுந்து காட்டுவாரு," என்றாள் பின்னாலேயே வந்த சூச்சின் சித்தி. "எடுத்துக்கோ."

ஷுன்ஃபா அதைத் தீவிரமாகவே யோசித்தார். "வெயில் காலத்துல வாங்க," என்றார். "இப்பத் தண்ணி சில்லுன்னு இருக்கும்."