தெருவுக்கு எதிர்ப்பக்கம் தொங்கிய கள்ளிகள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் கேட்டது முழுக்க முழுக்கச் சிவப்பு விளக்குகளில். வயதுபோன காலத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஆசை வந்தது. எங்கள் பகுதியில் ஒரு டிரைவிங் ஸ்கூல் உண்டு. அதற்கு முதலாளி, ஆசிரியர், கூட்டிப் பெருக்குபவர் எல்லாம் ஒரே பெண்மணிதான். அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். அவர் கால் எந்நேரமும் அதன்மேல் இருக்கும். அதனால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் பிரேக்கக்கா.

வண்டி ஓடும்போது பாடத்தைத் தவிர வேறு பேச்சு எடுக்க மாட்டார். சிக்னலில் நின்றால்தான் தம்பியைப் பற்றியும் தம்பி வளர்த்த கள்ளிச்செடிகளைப் பற்றியும் வாய் திறப்பார். பச்சை விழுந்துவிட்டால் வாக்கியம் எந்த இடத்தில் இருந்தாலும் அப்படியே —

பார்த்தீர்களா, இப்படித்தான். ஆகவே இதில் சில வாக்கியங்கள் அந்தரத்தில் நிற்கும். அது உத்தி இல்லை, போக்குவரத்து.

2

"பாலைவனத்தில் பிறக்காத கள்ளிகளும் உண்டு" என்று தொடங்கிப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.

"தலைமுடி வெட்டுகிறவருக்கே தலைமுடி கொட்டத் தொடங்கிய அன்று —" இதுவும் வேண்டாம். உள்ளே வருமுன்பே வாசகரை அழவைக்கும் வேலை.

பிரேக்கக்கா சொன்னதையே வைத்துக்கொள்கிறேன்: "என் தம்பி சலூன்ல ஆளைவிடச் செடிதான் ஜாஸ்தி, எழுத்தாளரே."

தம்பி முடிதிருத்துபவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய சலூனின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. வெளிச்சம் நிறைய வரும், வெயில் நேரே விழாது. தலை அலசும் வெந்நீரின் ஆவியில் காற்றில் எப்போதும் ஓர் ஈரம். அந்த உத்தரத்திலிருந்து தொட்டி தொட்டியாகக் கள்ளிகள் தொங்கின. பச்சை நூலைக் கற்றையாகப் பிரித்துவிட்டதுபோல் ஒன்று. தட்டைத் துண்டுகள் சங்கிலிக் கண்ணிகளாக ஒன்றின் நுனியில் ஒன்று முளைத்தது இன்னொன்று. முள் பெயருக்குக்கூட இல்லை. "முதல்ல இதுக்கு வெட்டு, அப்புறம் எனக்கு வெட்டு" என்று வாடிக்கையாளர்கள் கிண்டல் செய்வார்களாம்.

இவை மழைக்காட்டுக் கள்ளிகள். மண்ணைத் தொடாமல், பெரிய மரங்களின் கிளையிடுக்கில் மக்கிக் கிடக்கும் இலைகளில் வேர்விட்டு வாழ்கிறவை.*

(* ஒட்டுண்ணி என்று நினைத்துவிடாதீர்கள். மரத்திடம் இடத்தைத் தவிர எதையும் கேட்பதில்லை. சமையலறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத குடித்தனக்காரர்கள்.)

3

தம்பிக்கு ரத்தத்தில் நோய் என்று தெரிந்தது. வேறு ஒருவரின் எலும்பு மஜ்ஜையை ஏற்றினால்தான் பிழைப்பார் என்றார்கள். பிரேக்கக்கா யாரும் கேட்குமுன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய் நின்றார். சோதித்துப் பார்த்தார்கள். பொருந்தவில்லை. முன்பின் தெரியாத யாரோ ஒருவருடையது பொருந்தியது.

"கூடப் பிறந்தவ நான். எனக்கு ஒத்துவரலை. எங்கேயோ இருக்கற யாருக்கோ ஒத்துவருது. சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஆனா —"

பச்சை.

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. [இங்கே அவர் மனசைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன்.] அவர் செய்ததை மட்டும் சொல்கிறேன். நேரே சலூனுக்குப் போனார். தொட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினார். கார் இருக்கைகளில் உட்காரவைத்து சீட் பெல்ட் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

(சீட் பெல்ட் என் கைச்சரக்கு என்று சந்தேகப்படாதீர்கள். பிரேக்கக்காவைத் தெரிந்த யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.)

4

கள்ளி என்றால் வெயில். கள்ளி என்றால் தண்ணீர் காட்டக்கூடாது. ஊர் உலகத்துக்கே தெரிந்த இந்த விஷயம் பிரேக்கக்காவுக்கும் தெரியும். எல்லாவற்றையும் மொட்டை மாடியில், நிழலே விழாத இடமாகப் பார்த்து வைத்தார். "தண்ணிப் பக்கமே போயிடாதே" என்று கணவரும் தன் பங்குக்குச் சொன்னார்.

கொஞ்ச நாளில் பச்சை சிவந்தது. அப்புறம் சுருங்கியது. நூல் கற்றை வைக்கோலானது.

தம்பி ஆஸ்பத்திரியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், யாரும் நெருங்க முடியாத அறையில் இருந்தார். போனில் தன் உடம்பைப் பற்றிப் பேச மாட்டார்.

"செடிங்க எப்படி இருக்கு?"

"ஜம்முனு இருக்குடா."

"பூச்சி கீச்சி?"

"ஒண்ணுமில்லை."

"காட்டு, பாப்போம்."

"கேமரா என்னமோ மக்கர் பண்ணுது."

இந்த இடத்தில் எனக்கே என் பாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்தது. மஞ்சள் விளக்கைத் தாண்டினால்கூடத் திட்டுகிற மனுஷி இப்படி வாய் கூசாமல் பொய் சொல்வாரா? முதல் வரைவில் அவர் அன்றைக்கே உண்மையைச் சொல்லிவிடுவதாக எழுதினேன். படித்துக் காட்டியபோது முகத்தைச் சுளித்தார். "அவ்வளவு நல்லவளா நான்? வாய்க்கு வாய் பொய் சொன்னேன்னே எழுதுங்க."

எழுதிவிட்டேன். இப்படி என்னைப் பற்றிச் சொல்ல எனக்கு வராது.

கடைசியில் ஒருநாள் தம்பி சொன்னார்: "வெளிய வந்தா முதல்ல அதுங்களைத்தான் பாக்கணும்க்கா." அதற்குமேல் அக்காவால் தாங்க முடியவில்லை. போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் கேமராவைத் திருப்பினார்.

"அக்கா... மொட்டை மாடியிலயா வெச்சே?"

"கள்ளிதானேடா!"

"பேருதான் கள்ளி. வெயில்ல நிறுத்தினா மயக்கம் போட்டுடும். ஜம்முனு இருக்குன்னியே... இதைவிடப் பெரிய கள்ளி நீதான்!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நர்ஸ் ஓடிவந்து போனைப் பிடுங்கும் அளவுக்குச் சிரித்தார்.

"உள்ள போனதுலேருந்து அன்னிக்குத்தான் அவன் சிரிச்சான். செடி போனாப் போவட்டும்னு ஆயிடுச்சு எனக்கு" என்றார் பிரேக்கக்கா. உடனே தன்னைத் தானே திருத்திக்கொண்டார். "அப்படி விட்டுட முடியுமா?"

5

இப்போது தம்பி ஆசிரியர், அக்கா எல் போர்டு.

மாடியிலிருந்து இறக்கி, வெளிச்சம் வரும் ஆனால் வெயில் தொடாத ஜன்னலோரம் வைக்கச் சொன்னார். இறுகிய மண்ணை உதறச் சொன்னார். மரப்பட்டைத் துண்டு, தேங்காய் மட்டைத் துண்டு, கொஞ்சம் கரி. வேர் மூச்சுவிட இடம் வேண்டும். மேலே விரல் வைத்துப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். ஊற்றினால் அடியில் வழிந்து ஓடிவிட வேண்டும்; தேங்கக் கூடாது. எழுத எளிதாக இருக்கிறது. குற்ற உணர்ச்சியோடு தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்திருப்பவருக்கு இது எளிதில்லை. பட்டினி போட்ட பாவத்துக்குப் பிராயச்சித்தமாக பிரேக்கக்கா ஊற்று ஊற்றென்று ஊற்றினார். சங்கிலிக் கள்ளி, தம்பி முதன்முதலில் வாங்கியது, அடித்தண்டில் கொழகொழவென்று அழுகியது.

"மேல நல்லாத்தானே இருக்கு? அதை எடுத்துடலாம்" என்றார் தம்பி. கணவர் போனைப் பிடித்துக்கொண்டார். பிரேக்கக்கா கத்தியோடு நின்றார்.

"கத்தி வேணாம்க்கா. துண்டும் துண்டும் சேர்ற இடம் இருக்குல்ல, அங்க பிடிச்சு மெதுவாத் திருகு. தானா வந்துடும்."

"வலிக்குதாடா?"

"செடிக்கா? எனக்குத் தெரிஞ்சு இல்லை."

"உன்னைக் கேட்டேன்."

தம்பி சொன்னார்: "வலிக்குதுக்கா." அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. பிரேக்கக்கா அடுத்த கணுவைப் பிடித்துத் திருகினார். துண்டுகளைக் காயம் ஆறும்வரை நிழலில் ஒரு தட்டில் கிடத்தி, பிறகு புதுக் கலவையில் ஊன்றினார்.

வெகுநாள் அவை சும்மா நின்றன. சாகவும் இல்லை, வளரவும் இல்லை. ஆஸ்பத்திரியிலும் அதே நிலைமைதான். டாக்டர்கள் "பொறுத்துப் பாப்போம்" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை.

(ஒரு உவமை உங்கள் நாக்கு நுனியில் வந்து நிற்கிறது, எனக்குத் தெரியும். ஒருவரிடமிருந்து எடுத்தது இன்னொருவரிடம் வேர்பிடிப்பது... எனக்கும் வந்தது. பெருமையோடு அக்காவிடம் சொன்னேன். "ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றார்.)

ஊன்றிய துண்டுகளில் ஒன்றின் நுனியில் அரிசிமணி அளவுக்கு ஒரு புதுத் துளிர் வந்தது. மஜ்ஜையும் பிடித்துக்கொண்டது. எது முந்தியது என்று கேட்டேன். அவருக்கு நினைவில்லை. எனக்கு அந்த மறதி பிடித்திருக்கிறது.

6

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு நிபந்தனை போட்டார். உடம்பில் எதிர்ப்புச் சக்தி திரும்பும்வரை மண், செடி, பூஞ்சை எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. தம்பி தங்கப்போவது அக்கா வீட்டில். கள்ளிகள் இருந்ததும் அதே வீட்டில்.

மாதக்கணக்கில் பாடுபட்டுப் பிழைக்கவைத்ததை வெளியே அனுப்பவேண்டும். வேறொருவராக இருந்தால் யாருக்காவது கொடுத்துவிட்டிருப்பார். பிரேக்கக்கா வீட்டைத் தேய்த்துக் கழுவினார். தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்த டிரைவிங் ஸ்கூல் அலுவலகத்தில், ஜன்னல் நெடுக ஓர் இரும்புக் குழாயை மாட்டி எல்லாத் தொட்டிகளையும் தொங்கவிட்டார். தம்பியின் கட்டில் முதல்மாடி ஜன்னலோரம் போடப்பட்டது. ஜன்னல் திறக்கப்படாது, ஆனால் பார்க்கலாம்.

தம்பி பைனாகுலரோடு உட்கார்ந்தார்.

"இடது ஓரம் இருக்கறதுக்கு வெளிச்சம் பத்தலைக்கா."

"வகுப்புல இருக்கேன்டா!"

"கொஞ்சம் நகத்திட்டு நடத்து."

நாங்கள் சாலை விதிகளைத் தலையைக் குனிந்தபடியே படித்தோம். நிமிர்ந்தால் கள்ளி இடிக்கும். வகுப்பு முடிந்ததும் அவர் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, உடை மாற்றி, அப்புறம்தான் தெருவைக் கடந்து தம்பியிடம் போவார். மழையோ காய்ச்சலோ, ஒரு நாளும் இதில் சலுகை கிடையாது. நான் பார்த்திருக்கிறேன். காதல் கதைகள் நிறைய எழுதியிருக்கிறேன். இப்படி ஒரு கைகழுவலை எங்கேயும் எழுதியதில்லை.

திடீரென்று ஒருநாள், மாலை வகுப்புகளை எல்லாம் காலைக்கு மாற்றிவிட்டார். இருட்டுமுன் கடையைச் சாத்தி, ஒரு விளக்குகூட எரியாமல் பூட்டினார். காரணம் பிறகுதான் தெரிந்தது. சங்கிலிக் கள்ளி மொட்டு வைக்க நீளமான, இடையில் கலையாத இருட்டும் கொஞ்சம் குளிர்ச்சியும் வேண்டும். இதைத் தம்பி என்றோ சலூனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்திருக்கிறது.

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்லலை. விளக்கு ஏன் எரியலைன்னு அவனுக்கா தெரியாது? அவனும் கேக்கலை."

மொட்டு வந்ததும் தொட்டியைத் திருப்பக்கூடாது. இடம் மாறினால் கோபித்துக்கொண்டு மொட்டை உதிர்த்துவிடும். பிரேக்கக்கா அந்தப் பக்கம் துடைக்கக்கூட இல்லை. ஒரு காலை, போன்.

"அக்கா, ஜன்னல்ல என்னமோ ரோஸ் கலர்ல தொங்குதே. தொடைக்கற துணியா?"

"துணி இல்லடா."

எதிர்ப்பக்கம் தம்பி கட்டிலிலிருந்து எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது தெரிந்ததாம்.

"போனை வெச்சுட்டானோன்னு காதுல அழுத்திப் பிடிச்சேன். வெக்கலை. மூச்சு மட்டும் கேட்டுச்சு. நல்ல மூச்சு, எழுத்தாளரே. இழுக்கலை, திணறலை."

பச்சை எப்போதோ விழுந்திருந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். பிரேக்கக்கா வண்டியை எடுக்கச் சொல்லவில்லை.

7

அங்கேயே முடித்திருக்கலாம். பூவோடு முடிப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. பத்திரிகை ஆசிரியர்கள் விரும்புவார்கள். இன்னொரு முடிவும் எழுதினேன்: சலூன் மறுபடி திறக்கிறது, கள்ளிகள் வீடு திரும்புகின்றன. அது நடக்கவில்லை. இன்னும் நடக்கவில்லை. அதனால் கிழித்துவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். இன்று தம்பிக்குப் பரிசோதனை. இனி மண்ணைத் தொடலாமா கூடாதா என்று டாக்டர் இன்றைக்குத்தான் சொல்வார். அக்கா கூடப் போயிருக்கிறார். போகும்போது அலுவலகச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

"சும்மா உக்காந்து எழுதிட்டிருங்க. தண்ணி ஊத்தி வெச்சுடாதீங்க. கதவை உள்பக்கம் பூட்டிக்கோங்க. யாரையும் விடாதீங்க, முக்கியமா அவனை."

போன வாரம் தம்பி முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, "டாக்டர் சரின்னுட்டார்" என்று அத்தானிடம் புளுகிவிட்டுத் தெருவில் பாதிவரை வந்திருக்கிறார். அக்காவுக்கும் தம்பிக்கும் மஜ்ஜை பொருந்தவில்லை என்றார்கள். புளுகு நன்றாகவே பொருந்தியிருக்கிறது.

இந்த வரியை எழுதும்போது கார் எதிரே வந்து நிற்கிறது. தம்பி இறங்குகிறார். வண்டியைக் கோணாமல் நிறுத்த இடம் தேடி அக்கா தெருமுனைக்குப் போகிறார். தம்பி வீட்டு வாசலைப் பார்க்கிறார். இந்தப் பக்கம் பார்க்கிறார். ஓடி வருகிறார். முதல்மாடி ஏறப் படியிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து போனவர், தெருவை ஓடிக் கடக்கிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூச்சு வாங்க நிற்கிறார். தலையில் புது முடி, குழந்தைக்கு முளைப்பதுபோல் சுருள் சுருளாக.

"திறங்க சார். டாக்டர் சரின்னுட்டார்."

"அக்கா வரட்டுமே."

"அவ வண்டியை நிறுத்தி முடிக்கறதுக்குள்ள பொழுது சாஞ்சுடும். திறங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே பார்க்கிறார். தெருமுனையில் பிரேக்கக்கா தெரிகிறார். அவரும் ஓடி வருகிறார், கையை வீசி என்னவோ சொல்லிக்கொண்டே. கண்ணாடி தடுக்கிறது, கேட்கவில்லை. தடுக்க ஓடி வருகிறாரா, கூடவே உள்ளே வர ஓடி வருகிறாரா? அவரை எனக்குத் தெரிந்தவரையில் இரண்டுக்கும் ஓட்டம் ஒரே மாதிரிதான் இருக்கும்.

நான் பேனாவைக் கீழே வைக்கிறேன். சாவி மேசைமேல் இருக்கிறது. கதவுக்குப் பக்கத்தில் இருப்பது நீங்கள்தான், வாசகரே.