குரைக்காத நாய்

வாவிக்கரையில் நாய்க் காப்பகம் நடத்தும் றீற்றாவிடம், பத்தே நாளில் பிரவுணியைத் திருப்பிக் கொண்டுவந்தான் சுஜீவன்.

“காவலுக்கெண்டுதான் கொண்டுபோனன் அக்கா. ஆர் வந்தாலும் வாலாட்டுது. ஒரு நாளும் குரைக்கல்ல.”

பிரவுணியைத் திருப்பித் தந்த மூன்றாவது வீடு இது. மூவரும் சொன்னது அதே குறை. புது ஆள் வந்தால்தான் கூண்டு திறக்கும் என்று பழகிய நாய் வேறென்ன செய்யும்? றீற்றாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அப்ப வாசலில ஒரு பெல்லப் பூட்டியிருக்கலாமே தம்பி?”

அவன் சங்கிலியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். பிரவுணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.

ஞாயிறு பூசை முடிந்து ஒரு குடும்பம் வந்தது. சின்னவள் பிரவுணியைத்தான் கேட்டாள். பிரவுணி பாய்ந்து வந்து, பல் தெரியக் குரைத்தது. றீற்றா அதட்டியும் நிறுத்தவில்லை.

“ஐயோ, இது கடிக்கும் போல,” என்று தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த கூண்டுக்குப் போனாள்.